கறுப்பினப் பிள்ளைகளின் கதைகளை ஒதுக்கி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து வாசிகசாலைகளுக்குச் சிறுவர் நூல்கள் தந்துதவுமாறு உங்கள் பத்திரிகையில் வந்த வேண்டுகோளுக்குப் பிறகு கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலர் புத்தகம் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் சிறிய வாசிகசாலைக்கும் ரொறொன்ரோவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் நன்றி. அந்தப் பெட்டிகளைப் பிரித்தபோது எழுந்த ஒரு பேச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வந்தவற்றில் ஒரு கட்டுப் புத்தகங்கள் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றியவை. கனடாவில் பெப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதம். பள்ளிக்கூடங்களில் அதையொட்டிப் படிப்பிக்கிறார்கள். அப்போது வாங்கிக் கொடுத்த புத்தகங்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. எங்கள் குழுவில் ஒருவர் அந்தக் கட்டை அவிழ்க்காமலே அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார். "நம்மட சரித்திரமே நம்மட பிள்ளைகளுக்குத் தெரியாது. இதுக்குள்ள கறுப்பர்ட சரித்திரம் என்னத்துக்கு ரீச்சர்?" என்றார். வாசிகசாலையின் கரண்ட் பில்லைப் பல மாதம் தன் கைக்காசில் கட்டியவர் அவர். பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. ஆனால் அதே கேள்வியைப் பெற்றோர் சிலரும் கேட்டார்கள். வேறு ஊர்களிலும் கேட்பார்கள். அதனால் என் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் எங்களிடம் வரும் பிள்ளைகளில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை உண்டு. நல்ல கறுப்பு. அடர்ந்த சுருள் முடி. தாய் எண்ணெய் வைத்து, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புவார். மத்தியானத்துக்குள் பின்னலுக்கு வெளியே முடி கிளம்பிவிடும். கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளைக் 'காப்பிலி', அதாவது ஆபிரிக்கக்காரி, என்று கூப்பிடுகிறார்கள். அது பட்டப்பெயர் என்ற நினைப்புக்கூட அவர்களுக்கு இல்லை. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அலுமாரிக்கு மேலிருந்த கட்டை நான் இறக்கி அவிழ்த்த அன்று, ஒரு தகப்பன் தன் சின்ன மகளின் சுருள்முடியை வாரிப் பின்னப் பழகும் படக்கதை ஒன்று அதில் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு யன்னலோரம் போய் இருந்தாள். அவளுக்கு அவ்வளவாக ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படங்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை விரித்தபடி என்னிடம் வந்து, பல் அகலமான ஒரு சீப்பின் படத்தில் விரலை வைத்து, "ரீச்சர், இந்தச் சீப்பு எங்க விக்கிறாங்க?" என்று கேட்டாள். அடுத்த கிழமை தாயும் வந்து அதையே கேட்டார். மத்திய வீதிக் கடையொன்றில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தக் கட்டு அலுமாரிக்கு மேலே கிடந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. குழு உறுப்பினருக்கு நான் சொன்ன முதல் பதிலும் இதுதான். நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்குமேல் கறுப்பு. நாம் அவர்களுக்குக் கொடுக்கும் படக்கதைகளில் யார் கறுப்பு? கடைகளில் கிடைக்கும் தமிழ்ப் படக்கதைகளை எடுத்துப் பாருங்கள். இளவரசி இளஞ்சிவப்பு. கெட்டிக்காரப் பையன் இளஞ்சிவப்பு. அரக்கனும் திருடனும் சூனியக்காரியும் கறுப்பு. கார்வண்ணன் என்று பாடுகிறோம். பத்திரகாளி அம்மன் வாசலில் நின்று கறுத்த அம்மனைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்து பிறந்த குழந்தை கறுப்பென்றால் முகம் சுளிக்கிறோம். கலியாணப் பேச்சில் நிறத்தைத்தான் முதலில் கேட்கிறோம். நான் படிப்பித்த காலம் முழுக்க இதைப் பார்த்தேன். சபையில் வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்பது எப்படி முடிவானது என்பது ஆசிரியர்களாக இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இது பிள்ளையின் மனதில் எவ்வளவு ஆழத்தில் இறங்குகிறது என்பதை அமெரிக்காவில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் சோதித்துப் பார்த்தார்கள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகளைச் சிறு பிள்ளைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எதோடு விளையாட விருப்பம் என்று கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். நிறத்தின்படி பள்ளிக்கூடங்களைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்தச் சோதனையும் கவனத்தில் எடுக்கப்பட்டது. நம் ஊரில் யாராவது அப்படிப் பொம்மைகளை வைத்துக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

கறுப்புப் பிள்ளையின் படம் அட்டையில் இருந்தால் எல்லாம் நல்ல புத்தகம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கட்டில் ஏறத்தாழப் பாதியை நானே தனியாக எடுத்து வைத்தேன். அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகக் காரணங்களையும் எழுதுகிறேன்.

அடிமைகள் சிரித்துக்கொண்டு வேலை செய்வதாகக் காட்டும் புத்தகம் வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் பெரிய சிறுவர் நூல் பதிப்பகம் ஒன்று ஒரு படக்கதையை வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே திருப்பிப் பெற்றுக்கொண்டது. முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வோஷிங்டனின் பிறந்தநாளுக்கு அவருடைய அடிமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ் தன் மகளோடு சேர்ந்து ஆசை ஆசையாகக் கேக் செய்வது அதன் கதை. உண்மையில் அந்த ஹெர்குலிஸ் 1797 பெப்ரவரி 22ஆம் திகதி, வோஷிங்டனின் பிறந்தநாள் அன்றுதான், அவருடைய பண்ணையிலிருந்து தப்பியோடினார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கேக்கைப் பிடித்துக்கொண்டால் அது பொய்.

இதற்கு நேரெதிராக, சங்கிலியும் சவுக்கும் கண்ணீரும் மட்டுமே உள்ள புத்தகங்களும் உண்டு. அவற்றில் பொய் இல்லை. ஆனால் ஒரு அலுமாரியில் கறுப்பினத்தவர் வருகிற புத்தகம் எல்லாமே அப்படியானவை என்றால், கறுப்பாகப் பிறப்பதே அடி வாங்கத்தான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அடிமைத்தனத்தைச் சொல்லும் புத்தகத்தில், அடிமைப்பட்டவர்கள் தங்களுக்காக என்ன செய்தார்கள் என்பது இருக்க வேண்டும். பிரெட்றிக் டக்ளஸின் கதை எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். 1818இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானி கொஞ்சம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அடிமை வாசிக்கப் பழகினால் கெட்டுப்போவான் என்று எஜமான் அதை நிற்பாட்டிவிட்டான். பையன் என்ன செய்தான்? வீட்டிலிருந்து பாண் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், தெருவில் பசியோடு நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்களிடம் எழுத்துப் படித்தான். பாணுக்கு எழுத்து. இருபது வயதில் தப்பியோடி, பிறகு அந்த நாட்டின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவராகவும் எழுத்தாளராகவும் ஆனார். பாண் துண்டுக் கட்டத்துக்கு வந்ததும் எங்கள் பெடியன்கள் சத்தம்போட்டுக் கைதட்டினார்கள்.

றோசா பார்க்ஸ் பற்றிய புத்தகங்கள் எங்களுக்கு வந்ததில் மட்டும் நாலைந்து. அவற்றில் ஒன்றைத்தான் அடுக்கினேன். மற்றவை எல்லாவற்றிலும் ஒரே கதை: பாவம், வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையற்காரி, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழும்ப மாட்டேன் என்றாள், உடனே நாடு மாறிவிட்டது. நடந்தது அப்படி இல்லை. 1955 டிசம்பர் 1ஆம் திகதி அலபாமாவின் மொண்ட்கொமெறி நகரத்தில் அவர் கைதானபோது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் அந்த நகரக் கிளையில் அதற்கு முன்பே பல வருடம் செயலாளராக வேலை செய்தவர். அந்த வருடக் கோடை காலத்தில் போராட்டப் பயிற்சி வகுப்புக்கும் போய் வந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முந்தி, மார்ச் 2ஆம் திகதி, அதே நகரத்தில் குளோடெட் கொல்வின் என்ற 15 வயது மாணவி அதே காரணத்துக்காக பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கப்பட்டாள். றோசா பார்க்ஸ் கைதான பிறகு 381 நாட்கள் அந்த நகரத்தின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. வேலைக்கு நடந்தார்கள். வாகனம் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிப் போனார்கள். பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரித்து இருத்தும் சட்டத்தை முறியடித்த வழக்கில் வழக்காளிகளில் ஒருத்தி அந்த 15 வயதுப் பிள்ளை. இவ்வளவையும் சொல்லாமல் 'களைத்துப்போன ஒரு அம்மா' என்று சொன்னால், ஊர்கூடிச் செய்த வேலை ஒரு தற்செயலாகிவிடுகிறது. நிலாவெளி பஸ்ஸில் தினமும் நெரிபட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கச் சொல்லவே தேவையில்லை. "ஒரு வருஷத்துக்கு மேல நடந்தாங்களா? மழை வந்தா?" என்று ஒருவன் கேட்டான். மழையிலும் நடந்தார்கள்.

எது எந்த வயதுக்கு என்பதையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். ரூபி பிரிட்ஜஸின் கதையை நான் வாசித்த சனிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1960 நவம்பர் 14ஆம் திகதி, நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வயது ரூபி முதல் நாள் போகிறாள். கூட வருபவர்கள் மத்திய அரசின் காவல் அதிகாரிகளான மார்ஷல்கள் நாலு பேர். வாசலில் கூட்டம், கூச்சல். பிள்ளை அதை அந்த ஊரின் பெரிய திருவிழாவான மார்டி கிரா என்றே முதலில் நினைத்தாள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஒரு ஆசிரியை மட்டும் அவளுக்குப் படிப்பிக்க முன்வந்தார். அந்த வருடம் முழுவதும் வகுப்பறையில் ஒரு ஆசிரியை, ஒரு மாணவி.

இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் என்னை வாசிக்க விடவில்லை. "இடைவேளைக்கு ஆரோட விளையாடினவ?" ஆசிரியையோடுதான் என்றேன். "அந்த ரீச்சர் கறுப்பா?" வெள்ளை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒருத்தி, "அப்ப வெளியில நிண்டு கத்தினவங்களும் வெள்ளை, இவவும் வெள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் இடையில் புகுந்து எதையும் விளக்கவில்லை. மகனைக் கூட்டிப்போக வந்து பின்னால் நின்ற ஒரு தாய், "நாங்களும் இப்படித்தான் போனோம் ரீச்சர். சண்டைக் காலத்தில சோதனைச் சாவடியில பையைக் கொட்டிக் காட்டிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம்" என்றார். மகன் திரும்பித் தாயைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கதை அந்த வீட்டில் அதுவரை பேசப்பட்டிருக்கவில்லை. அன்றைக்கு மிச்சப் புத்தகத்தை நான் வாசிக்கவில்லை. அந்தத் தாய்தான் பேசினார், எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். கறுப்பர்ட சரித்திரம் என்னத்துக்கு என்று கேட்ட எங்கள் குழு உறுப்பினரும் அங்கே இருந்தார். ரூபியின் கதைதான் நம் கதைக்கு வாய் திறந்து வைத்தது என்பதை அவரே கண்ணால் கண்டார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஒரு சிறிய சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துத் தூக்கிக் காட்டினாள் என்பதும் உண்மை வரலாறு. அந்தப் படம் உள்ள புத்தகத்தை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு அதைக் காட்டலாம், கூட இருந்து பேச ஒரு பெரிய ஆள் இருந்தால்.

போராட்டமும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை, ஒரு கறுப்பினப் பிள்ளை மழையில் நனைகிறது, அப்பம்மாவோடு சந்தைக்குப் போகிறது, தம்பி பிறந்ததும் கோபித்துக்கொள்கிறது என்று போகும் புத்தகங்கள்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. இவைதான் பெட்டிகளில் குறைவாக வருகின்றன. அனுப்புகிறவர்கள் 'பிரயோசனமான' புத்தகமாகப் பார்த்து அனுப்பவேண்டும் என்று தலைவர்களின் சரித்திரத்தையே தெரிவு செய்கிறார்கள். தயவுசெய்து சும்மா சிரித்து விளையாடுகிற பிள்ளைகளையும் அனுப்புங்கள். சீப்பைப் பற்றிக் கேட்ட பிள்ளை எடுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

புத்தகத்தின் பின்னட்டையையும் திருப்பிப் பாருங்கள். எழுதியவர், வரைந்தவர் யார்? வெள்ளைக்காரர் எழுதினால் கூடாது என்று இல்லை. ஆனால் ஒரு சமூகத்தின் கதையை அந்தச் சமூகத்தில் பிறந்தவர் ஒருவர்கூடச் சொல்லாத அலுமாரி சரியான அலுமாரி இல்லை. அமெரிக்காவில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஐந்து வயதுக் கறுப்பினப் பெண்பிள்ளை ஒன்று, புத்தகத்தில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே வருகிறார்கள் என்று கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கி, நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். முந்திய மூன்று வருடங்களில் வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களில், கறுப்பினத்தவர் ஒருவராவது வந்தவை 6.7 சதவீதம்தான். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985இல் கணக்கெடுத்தபோது, அந்த வருடம் வெளிவந்த ஏறத்தாழ 2,500 புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18. அதே மையத்தின் 2018ஆம் ஆண்டுக் கணக்கில் கறுப்பினத்தவர் முக்கிய பாத்திரமாக வந்தவை 10 சதவீதம், மிருகங்களும் மற்றவையும் வந்தவை 27 சதவீதம். முயலுக்கும் கரடிக்கும் கிடைத்த இடம்கூட அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் என்ற அறிஞர் ஜெஸ்ஸி போசெட் என்ற எழுத்தாளரையும் கூட்டிக்கொண்டு, 1920 ஜனவரியிலிருந்து 1921 டிசம்பர் வரை கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ஒரு மாத இதழை நடத்தினார். பிற்காலத்தில் பெருங்கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸின் இளவயதுக் கவிதைகள் அதில் வந்தன. இரண்டு வருடம்தான் ஓடியது. ஆனாலும் எங்கள் பிள்ளைக்கு எங்கள் முகம் உள்ள புத்தகம் வேண்டுமென்றால் நாங்கள்தான் செய்ய வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே இறங்கினார்கள். நம் ஓவியர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: அடுத்த சிறுவர் நூலுக்குப் பிள்ளையை வரையும்போது, உங்கள் வீட்டுப் பிள்ளையின் நிறத்தில் வரையுங்கள்.

ஆபிரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டிகளில் வரும் ஆபிரிக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. இல்லாவிட்டால் பஞ்சத்தில் வாடும் பிள்ளையின் எலும்பு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள ஒரு கண்டத்தை 'ஆபிரிக்காவில் ஒரு நாள்' என்று எழுதி முடிக்கிற புத்தகத்தை நான் அடுக்குவதில்லை. கென்யாவின் வங்காரி மாத்தாய் பற்றிய படக்கதை ஒன்று வந்தது. 1977இல் பசுமைப் பட்டி இயக்கத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு மூன்று கோடி மரம்வரை நடுவித்தவர். நோபல் சமாதானப் பரிசை 2004 டிசம்பர் 10ஆம் திகதி ஒஸ்லோவில் வாங்கினார். அந்த மாதம் 26ஆம் திகதி நம் கரைக்குக் கடல் வந்தது. அதனால்தான் அந்த வருடம் பரிசு வாங்கியவர் யார் என்று நமக்கு யாருக்கும் நினைவில்லை. இப்போதாவது பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

நான் இந்தக் கடிதம் எழுதத் தொடங்கியதே இனி வரும் விடயத்துக்காகத்தான். 'காப்பிலி' என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டவர்கள், அப்படி ஒரு சமூகம் இந்த நாட்டில் உண்மையாகவே இருக்கிறது என்று தெரியாமல் கூப்பிட்டார்கள். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் கொழும்புக்கு வந்தபோது, அங்கே அதிகாரத்தில் இருந்தவரிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர்கள் (இன்றைய எத்தியோப்பியாப் பக்கத்தவர்கள்) இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். பிறகு போர்த்துக்கேயர் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் மொசாம்பிக் பக்கமிருந்து ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்து இங்கே படைப்பிரிவில் சேர்த்தார்கள். படைப்பிரிவு கலைந்த பிறகு புத்தளம் பக்கத்தில் குடியேறியவர்களின் பரம்பரை இன்றும் சிரம்பியடியில் வாழ்கிறது. திருகோணமலை, மட்டக்களப்பு, நீர்கொழும்புப் பகுதிகளிலும் அந்த வழி வந்தவர்கள் உண்டு. வீட்டில் பேசிய, போர்த்துக்கேயம் கலந்து உருவான கிரியோல் மொழி ஏறத்தாழப் போய்விட்டது. மேளமும் தேங்காய்ச் சிரட்டையும் கண்ணாடிப் போத்தலில் கரண்டியும் தட்டிப் பாடும் மஞ்சாப் பாட்டில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது கென்யா, உகண்டா, தங்கனிக்கா (இன்றைய தான்சானியா), நியாசாலாந்து (இன்றைய மலாவி) ஆகிய இடங்களிலிருந்து வந்த கிழக்கு ஆபிரிக்கப் படையணி, பர்மாப் போர்முனைக்குப் போகுமுன் இந்தத் தீவில் தங்கியிருந்தது. 1944 பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடீவ் இஸ்மாயில் கப்பலை மாலைதீவுக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்ததில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் இதை நாம் சொல்லியிருக்கிறோமா?

இவற்றில் எதைப் பற்றியும் தமிழில் ஒரு சிறுவர் படக்கதையை நான் இதுவரை கையில் எடுத்ததில்லை. எங்காவது இருந்தால், அனுப்பி வையுங்கள். எந்த விலையென்றாலும் கொடுத்து வாங்குவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வரும். டக்ளஸின் கதை முடிந்ததும் ஒரு பெடியன், "நம்மட நாட்டில அடிமை இருந்தவங்களா ரீச்சர்?" என்று கேட்டான். இருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் சாதியின் பெயரால் தமிழரைத் தமிழர் அடிமையாக வைத்திருந்தார்கள். சட்டப்படி இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1844இல். அதைப் பிள்ளைக்கு மறைத்துவிட்டு அமெரிக்க வெள்ளைக்காரனின் கொடுமையை மட்டும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். இதற்கும் நமக்கொரு சிறுவர் நூல் வேண்டும். எழுத ஆள் வேண்டும்.

புலமைப்பரிசில் பரீட்சை வருகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு நீண்ட பதில் என்னிடம் இல்லை. பரீட்சைக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும். விரும்பி எடுத்த புத்தகத்தில்தான் பிள்ளை வாசிக்கப் பழகும்.

அனுப்ப விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். ஆங்கிலத்தில் இருப்பது தடையில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழில் எழுதி, வெட்டி, படத்தை மறைக்காமல் அடியில் ஒட்டுகிறோம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அதற்கு உதவுகிறார்கள். அதனால் ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிக்கு மேற்படாத படக்கதைகள் வசதி. ஒரே தலைவரின் வரலாறு பத்துப் பிரதி வருவதைவிடப் பத்து வேறு பிள்ளைகளின் கதை வருவது எங்களுக்குப் பிரயோசனம். பென்சிலால் கிறுக்கியிருந்தால் அழித்துக்கொள்வோம், அட்டை கழன்றிருந்தால் கட்டிக்கொள்வோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு மாதத்துக்குச் சிரம்பியடிப் பிள்ளைகளின் கதையை, அந்த ஊர்க்காரரிடமே கேட்டு எழுதுவித்து, படம் வரைவித்து வெளியிட முடியுமா? எங்கள் வாசிகசாலையில் அதை வெட்டி ஒட்டிப் புத்தகமாகக் கட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.